புது பிளாட்ஃபார்மர் கேம்ல மூழ்கிப் போகணுமா? முதல் ஜம்ப்ல இருந்து கிரெடிட்ஸ் வரைக்கும் முழு வழிகாட்டி

புது கேம் இறக்கியாச்சு, எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொல்றாங்க, ஆனா அரை மணி நேரம் ஆடிப் பாத்தா ஒரே எடத்துல திரும்பத் திரும்ப செத்துட்டு இருக்கோம், கடுப்பாகி மூடி வெச்சிட்டு ஃபோன நோண்ட ஆரம்பிச்சிடறோம். அப்புறம் "நமக்கு இந்த மாதிரி கேம் எல்லாம் செட் ஆகாதுப்பா"ன்னு ஒரு முடிவு. என்னைக் கேட்டா கேம் மேலயும் தப்பு இல்ல, உங்க கை மேலயும் தப்பு இல்ல, அந்த கேமோட ஜம்ப் இன்னும் கைல உக்காரல, அவ்ளோதான். பிளாட்ஃபார்மர்ல, அதாவது பலகைக்குப் பலகை குதிச்சு பள்ளம், முள்ளு எல்லாம் தாண்டிப் போற கேம்ல, கதை, கிராஃபிக்ஸ், மியூசிக் எல்லாம் அப்புறம் வர்றது. எந்த பட்டன அமுக்கணும்னு யோசிக்கறது எப்ப நிக்குதோ, அப்பதான் நீங்க உள்ள போறீங்க, அதுவரைக்கும் வெளிய நின்னு எட்டிப் பாக்கற கணக்குதான். அதனால இந்த வழிகாட்டில நிறைய ஜம்ப பத்திதான் இருக்கும், கோச்சுக்காதீங்க.

ஸ்டெப் 1: உங்களுக்கு எந்த வகை செட் ஆகும்னு பாருங்க

பிளாட்ஃபார்மர்ங்கறது ஒரே ஜாதி இல்ல. 1981ல வந்த டாங்கி காங்ல இருந்து பாத்தா எத்தனையோ கிளை பிரிஞ்சிருக்கு, ஆனா இப்ப ஆடறவங்களுக்கு மூணா பிரிச்சா போதும்.

ஒண்ணு, துல்லியமா தாண்ட வேண்டியது. செலஸ்ட் (2018), சூப்பர் மீட் பாய் (2010) மாதிரி. சின்னச் சின்ன ஸ்கிரீன், நிறைய சாவு, செத்த அடுத்த நொடியே திரும்ப ஆரம்பம். ரெண்டாவது, குஷியா ஓடறது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வண்டர் (2023), ரேமேன் லெஜெண்ட்ஸ் (2013), ஆஸ்ட்ரோ பாட் (2024) எல்லாம் இந்த பக்கம். மூணாவது சுத்தித் திரியறது, அதாவது மெட்ராய்ட்வேனியா. ஹாலோ நைட் (2017), ஓரி அண்ட் த பிளைண்ட் ஃபாரஸ்ட் (2015).

ரொம்ப நாளா கேமே ஆடாதவங்க நேரா ஹாலோ நைட்ல போய் குதிக்க வேணாம். அதுல ஒவ்வொரு ஏரியாவுக்கும் மேப் விக்கற ஆள தேடிக் கண்டுபிடிச்சு காசு குடுத்து வாங்கணும், வாங்கினாலும் நீங்க போன எடத்த எல்லாம் மேப்ல வரைய தனியா ஒரு எறகுப் பேனா வாங்கணும், வரைஞ்சது பதிவாக ஒரு பெஞ்ச்ல போய் உக்காரணும். பொறுமை இருக்கறவங்களுக்கு அது சொர்க்கம், இல்லாதவங்களுக்கு ரெண்டாவது நாளே தலவலி. தெனமும் கால் மணி நேரம்தான் கிடைக்கும்னா செலஸ்ட் வகை நல்லது, ஏன்னா ஒரு ஸ்கிரீன் முடிச்சாலும் முன்னேறின மாதிரி இருக்கும்.

ஸ்டெப் 2: டிவிய, கண்ட்ரோலர முதல்ல சரி பண்ணுங்க

இத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க, ஆனா இதுல கோட்ட விட்டா மீதி எல்லாம் வேஸ்ட். பெரும்பாலான கேம் நொடிக்கு 60 ஃபிரேம் (ஃபிரேம்ன்னா ஒரு தனிப் படம்) ஓடும், அப்படின்னா ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். படத்த அழகாக்கறேன்னு டிவி உள்ளுக்குள்ள ஏகப்பட்ட வேல பண்ணும், அந்த வேலைக்கு ஆகற நேரம் சில டிவில 100 மில்லிசெகண்ட தாண்டிடும். கணக்கு போட்டுப் பாருங்க, நீங்க பட்டன அமுக்கி ஆறு ஃபிரேம் கழிச்சுதான் ஆள் குதிக்கறது உங்க கண்ணுக்குத் தெரியும். நீங்க விளிம்புல சரியா அமுக்கி இருப்பீங்க, கேம் கணக்குல நீங்க ஏற்கனவே குழிக்குள்ள. டிவி செட்டிங்ஸ்ல கேம் மோட்னு ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல ஆடறவங்க கேம் செட்டிங்ஸ்ல வி-சிங்க (ஸ்கிரீனோட வேகத்துக்கு படத்த ஒத்துப் போக வெக்கற ஆப்ஷன்) ஆஃப் பண்ணிப் பாருங்க, படம் கிழியற மாதிரி தெரிஞ்சா திரும்ப ஆன் பண்ணிக்கலாம்.

புளூடூத் ஹெட்ஃபோனும் இதே கேஸ்தான், சத்தம் 100-200 மில்லிசெகண்ட் லேட்டா வரும். சத்தத்த வெச்சு டைமிங் புடிக்கற கேம்ல இது கொடும. ரேமேன் லெஜெண்ட்ஸ்ல பாட்டோட தாளத்துக்கு குதிக்கற லெவல் எல்லாம் இருக்கு, அத புளூடூத்ல ஆடினா அழுகதான் வரும். வயர் ஹெட்ஃபோன் போடுங்க.

கண்ட்ரோலர்ல ஒரே ஒரு விஷயம்: 2டி கேம்ன்னா டி-பேட் (கூட்டல் குறி மாதிரி இருக்கற நாலு தெச பட்டன்), 3டி கேம்ன்னா ஸ்டிக் (கட்டவெரலால சாய்க்கற குமிழ்). கட்டாயம் இல்ல, ஆனா 2டில ஸ்டிக்க வெச்சு நேரா மேல டேஷ் (ஒரே வீச்சுல வேகமா பாயறது) பண்ணப் போயி அது சாய்வா போறது அடிக்கடி நடக்கும். பட்டன் மாத்தி வெக்க ஆப்ஷன் இருந்தா ஜம்பும் டேஷும் வேற வேற வெரல்ல வர்ற மாதிரி வெச்சுக்கங்க, ரெண்டையும் ஒரே கட்டவெரல் பாத்துக்கிட்டா குதிச்ச ஒடனே டேஷ் போறப்ப ஒரு கணம் லேட் ஆகும். டேஷ தோள்பட்டை பட்டனுக்கு (கண்ட்ரோலரோட மேல் விளிம்புல ஆள்காட்டி வெரலுக்கு வர்றது) மாத்திட்டா அந்தப் பிரச்சனையே இல்ல.

ஸ்டெப் 3: முதல் அரை மணி, லெவல முடிக்கறத மறந்துடுங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப். கேம் ஆரம்பிச்சதும் எல்லாரும் வலது பக்கமா ஓடுவாங்க. நீங்க ஓடாதீங்க. முதல்ல எதிரி இல்லாத ஒரு எடத்துல நின்னு குதிங்க. பட்டன சும்மா தட்டி விடுங்க, எவ்ளோ உயரம் போகுதுன்னு பாருங்க. அப்புறம் அமுக்கிப் புடிங்க, இப்ப எவ்ளோ? நிறைய கேம்ல அமுக்கற நேரத்த வெச்சு உயரம் மாறும், 1985ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ்லயே அது உண்டு. எப்பவும் முழுசா அமுக்கியே குதிக்கற ஆளுங்க தாழ்வான கூரைல முள்ளு இருக்கற எடத்துல மாட்டுவாங்க.

அடுத்து, காத்துல இருக்கறப்ப திரும்ப முடியுதான்னு பாருங்க. மாரியோவ பாதி ஜம்ப்ல பின்னாடி இழுக்கலாம். 1986ல வந்த முதல் காசில்வேனியால குதிச்சா குதிச்சதுதான், நடுவுல ஒண்ணும் பண்ண முடியாது, அதனால அந்த கேம்ல முடிவ தரைல நிக்கறப்பவே எடுத்தாகணும். ரெண்டும் நல்ல கேம்தான், ஆனா ஒண்ணுல பழகின கைய வெச்சு இன்னொண்ணு ஆடினா குழிதான்.

அப்புறம் ஓட்டம். பழைய மாரியோல ஓடறதுக்கு பி பட்டன், குதிக்க ஏ பட்டன். ரெண்டையும் ஒரே கட்டவெரல்ல பண்ணணும்: வெரலோட நுனி பி மேல அமுக்கியபடியே இருக்கும், வெரலோட நடு சதைய சாய்ச்சு ஏவ அமுக்கணும். எழுதிப் படிச்சா கஷ்டமா தெரியுது, பத்து நிமிஷம் பண்ணினா கை தானா புடிச்சுக்கும். ஓடி வந்து குதிச்சா எவ்ளோ தூரம், நின்ன எடத்துல இருந்து குதிச்சா எவ்ளோ தூரம், இந்த ரெண்டு அளவும் கண்ணுல பதிஞ்சிடணும். அப்பதான் ஒரு பள்ளத்த பாத்த ஒடனே "இது ஓடாம தாண்டிடலாம்"னு தோணும்.

இப்ப கண்ணுக்குத் தெரியாத விஷயங்க. நல்ல கேம் எல்லாம் உங்களுக்கு சாதகமா கொஞ்சம் ஏமாத்தும். செலஸ்ட் டீம்ல இருந்த மேடி தார்சன் இத பத்தி வெளிப்படையாவே விளக்கி இருக்காங்க. விளிம்ப தாண்டி கால் காத்துக்குப் போன பிறகும் சுமார் 0.1 நொடிக்குள்ள அமுக்கினா ஜம்ப் வரும், இதுக்குப் பேரு கொயோட்டி டைம். தரைய தொடறதுக்கு ஒரு துளி முன்னாடியே அமுக்கிட்டாலும் கேம் அத ஞாபகம் வெச்சு தரை தொட்ட ஒடனே குதிக்க வெக்கும், இது ஜம்ப் பஃபர். தல கூரை மூலைல லேசா இடிச்சா 4 பிக்சல் வரைக்கும் பக்கவாட்டுல நகத்தி விட்டுடும். பட்டன அமுக்கியே வெச்சிருந்தா ஜம்ப்போட உச்சில புவியீர்ப்பு பாதியா கொறையும், எங்க எறங்கறதுன்னு முடிவு பண்ண கூடுதலா ஒரு கணம் கிடைக்கும்.

இத ஏன் தெரிஞ்சுக்கணும்னா, கடைசி நொடி வரைக்கும் காத்திருந்து குதிக்கற தைரியம் வரும். புதுசா ஆடறவங்க எல்லாம் விளிம்புக்கு ரொம்ப முன்னாடியே குதிச்சிடுவாங்க, அதான் எட்டாம விழறது. உங்க கேம்ல கொயோட்டி டைம் இருக்கான்னு டெஸ்ட் பண்ண ஈசியான வழி: மெதுவா நடந்து விளிம்ப தாண்டுங்க, ஆள் சரிய ஆரம்பிக்கற அதே கணம் அமுக்குங்க. குதிச்சா இருக்கு. அதிகம் ஆபத்தில்லாத பள்ளமா பாத்து பண்ணுங்க.

பழைய பாகம் ஆடினவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்த. ஹாலோ நைட்டோட அடுத்த பாகமா 2025 செப்டம்பர்ல வந்த சில்க்சாங் நல்ல உதாரணம். ஹாலோ நைட்ல கீழ அடிச்சா நேரா கீழ அடிக்கும், எதிரி தலைல துள்ளித் துள்ளிப் போகலாம். சில்க்சாங்ல நாம ஆடற ஹார்னெட்ங்கற கேரக்டர் ஆரம்பத்துல சாய்வாதான் பாயும். முதல் பாகத்த கரைச்சு குடிச்சவங்கதான் இதுல அதிகமா தடுமாறுவாங்க, ஏன்னா கை பழைய எடத்துக்கே போகும். பயப்படாதீங்க, பழைய கணக்க தூக்கிப் போட்டுட்டு துள்ளற ஏதாவது பொருள் இருக்கற எடத்துல நின்னு அது மட்டும் கொஞ்ச நேரம் பண்ணுங்க. போகப் போக வேற க்ரெஸ்ட் (அடிக்கற விதத்தையே மாத்தற பொருள்) கிடைக்கும், சிலதுல நேரா கீழ அடிக்கறதும் வரும்.

ஸ்டெப் 4: லெவல் உங்ககிட்ட என்ன சொல்லுதுன்னு கவனிங்க

ஜம்ப் கைக்கு வந்ததும் தல ஃப்ரீ ஆகும், அப்பதான் லெவல் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும். 1985 மாரியோவோட முதல் லெவலான 1-1ஐ எடுத்துக்குவோம், ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா ரெண்டு பேரும் சேர்ந்து வடிவமைச்சது. ஆரம்பத்துல மாரியோ இடது பக்கம் நிப்பாரு, வலது பக்கம் காலியா கிடக்கும், சொல்லாமலே வலது பக்கம் போவீங்க. எதிர்ல கூம்பான்னு ஒரு எதிரி வரும், அத தாண்டணும்னு குதிப்பீங்க. கட்டைய தலையால முட்டினா காளான் வெளிய வரும், அது வலது பக்கமா போயி, பைப்ல இடிச்சு திரும்பி உங்கள நோக்கி வரும். கூம்பாவ பாத்து பயந்தவங்க இதையும் தாண்ட நினைப்பாங்க, ஆனா மேல கட்டை இருக்கறதால தல இடிச்சு அது மேலயே விழுவாங்க. பட்ட ஒடனே மாரியோ பெருசாயிடுவாரு. காளான் நல்லதுன்னு ஒரு எழுத்து கூட போடாம சொல்லிக் குடுத்தாச்சு.

அதே லெவல் கடைசில ரெண்டு படிக்கட்டு ஜோடி வரும். முதல் ஜோடிக்கு நடுவுல தரை இருக்கு, விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. அதே மாதிரி அடுத்த ஜோடிக்கு நடுவுல பள்ளம். முதல்ல பழக வெச்சுட்டு அப்புறம் பரீட்ச வெக்கறாங்க, 1985லயே.

இந்த வழக்கம் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. சூப்பர் மாரியோ 3டி லேண்ட் இயக்கின கோய்ச்சி ஹயாஷிதா இத நாலு கட்டமா சொல்லுவாரு: ஒரு புது விஷயத்த பாதுகாப்பான எடத்துல அறிமுகம் பண்றது, அத கொஞ்சம் வளக்கறது, எதிர்பாக்காத ஒரு திருப்பம், அப்புறம் முடிப்பு. நீங்க ஆடற லெவல்ல இத தேடிப் பாருங்க. மறையற பலகை முதல் தடவ வர்றப்ப கீழ தரை இருக்கும், ரெண்டாவது தடவ முள்ளு, மூணாவது தடவ அது ஒரு எதிரியோட சேர்ந்து வரும். இந்த வரிச புரிஞ்சா, மாட்டிக்கிட்ட எடத்துல "இதுக்கு முன்னாடி எனக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க"ன்னு கேக்கலாம். பெரும்பாலும் விடை ரெண்டு ஸ்கிரீனுக்கு முன்னாடியே இருக்கும்.

ஸ்டெப் 5: உருப்படியா சாவுங்க

சாவ வேணாம்னு நினைச்சா இந்த வகை கேம் உங்களுக்கு இல்ல. செலஸ்ட் எத்தன தடவ செத்தீங்கன்னு எண்ணி வெக்கும், அதுக்காக வெக்கப்படாதீங்க பெருமப்படுங்கன்னு கேமே ஒரு எடத்துல சொல்லுது. சூப்பர் மீட் பாய்ல லெவல முடிச்சதும் நீங்க செத்த அத்தனை முயற்சியையும் ஒரே நேரத்துல ஓட்டிக் காட்டுவாங்க, ஒரு கூட்டமே கிளம்பி ஒவ்வொருத்தனா அங்கங்க சிதறி கடைசில ஒருத்தன் மட்டும் போய்ச் சேருவான். அதுல எல்லாரும் எங்க சாவறாங்கன்னு பாத்தாலே உங்க வீக்னெஸ் தெரிஞ்சிடும்.

கஷ்டமான ஸ்கிரீன துண்டு துண்டா ஆடுங்க. முதல் சில முயற்சி போய்ச் சேரணும்னு இல்ல, முதல் மூணு ஜம்ப் மட்டும் சுத்தமா வரணும். அது வந்ததும் நாலாவது ஜம்ப்ப பாக்கலாம், சாவறது பத்தி கவலையே படாதீங்க. இன்னொண்ணு, ஆளையே பாத்துட்டு ஆடாதீங்க, எறங்கப் போற எடத்த பாருங்க. ஆள் எங்க இருக்குன்னு ஓரக்கண்ணுக்குத் தெரியும், கண்ணு அடுத்த பலகைல இருக்கணும். இத மட்டும் மாத்தினாலே நிறைய பேருக்கு பெரிய வித்தியாசம் தெரியும்.

ஜம்ப்-ஜம்ப்-டேஷ்-சுவர்னு ஒரு தாளம் மாதிரி மனசுல சொல்லிக்கிட்டே ஆடுங்க, வாய்விட்டு சொன்னாலும் தப்பில்ல, பக்கத்துல யாராவது இருந்தா ஒரு மாதிரி பாப்பாங்க அவ்ளோதான். ஒரே எடத்துல ஒரே மாதிரி அஞ்சாறு தடவ செத்தா கை தப்பு பண்ணல, திட்டம் தப்பு. நிறுத்தி ஸ்கிரீன முழுசா பாருங்க, வேற வழி ஒண்ணு கண்டிப்பா இருக்கும்.

ஸ்டெப் 6: ஃபோன் வேற ரூம்ல

இதுக்கு விளக்கம் வேணுமா என்ன. செத்து திரும்பி வர்ற ஒரு நொடில ஃபோன எடுக்கறது பழக்கம் ஆகிட்டா எந்த கேமும் உள்ள இழுக்காது.

ஸ்டெப் 7: பொறுக்கறதுக்கு ஒரு அளவு

காசு, நட்சத்திரம், ஸ்ட்ராபெரி, ஒளிஞ்சிருக்கற பொம்மை, எல்லா கேம்லயும் பொறுக்க ஏதோ ஒண்ணு இருக்கும். முதல் தடவ ஆடறப்ப எல்லாத்தையும் எடுத்தே தீருவேன்னு நின்னா கேம் ஒரு வேலையா மாறிடும். செலஸ்ட்ல இருக்கற ஸ்ட்ராபெரியால கதைல ஒரு கதவு கூட தெறக்காது, நண்பர்கள்கிட்ட பீத்திக்கலாம் அவ்ளோதான்னு கேமே ஒத்துக்குது. பறக்கற ஸ்ட்ராபெரிய பாத்து ஆச வந்தா எடுங்க, எடுத்துட்டு பத்திரமா தரைல கால் வெச்சாதான் கணக்குல சேரும்ங்கறது ஞாபகம் இருக்கட்டும், நடுவானத்துல எடுத்துட்டு முள்ளுல விழுந்தா கிடையாது. என் அளவுகோல் இதுதான்: பாதைல இருந்து ஒரு ஸ்கிரீன் தூரத்துல இருந்தா முயற்சி, அதுக்கு மேலன்னா டாட்டா.

மெட்ராய்ட்வேனியால மட்டும் இந்த விதிய மாத்திக்கங்க. அங்க எட்டாத மேட்டுல தெரியற பொருளுக்கு பிற்பாடு கிடைக்கப் போற சக்தி வேணும், அதனால முட்டி மோதாம மேப்ல ஒரு குறி வெச்சுட்டு நகருங்க.

ஸ்டெப் 8: அசிஸ்ட் மோட எடுக்கறதுல கௌரவக் கொறச்சல் எதுவும் இல்ல

அசிஸ்ட் மோட்ங்கறது கேம நமக்கு ஏத்த மாதிரி ஈசியாக்கற செட்டிங். செலஸ்ட்ல அத வெச்சு கேமோட வேகத்த 50 சதவீதம் வரைக்கும் கொறைக்கலாம், டேஷ எல்லையில்லாம வெச்சுக்கலாம், சாவே இல்லாமலும் பண்ணலாம். வேகத்த 80க்கு கொறைச்சு பழகிட்டு 100க்கு ஏத்தறது அருமையான ப்ராக்டீஸ். மாரியோ வண்டர்ல யோஷி இல்லன்னா நாபிட்ங்கற கேரக்டர எடுத்தா எதிரி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, பள்ளம், எரிமலைக் குழம்பு மாதிரி எடம்தான் கவல. மாரியோ ஆடிசில போற வழிய அம்பு போட்டே காட்ட ஒரு மோட் இருக்கு. இதெல்லாம் ஏமாத்து வேலன்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்க கண்ட்ரோலர அவங்க வெச்சுக்கட்டும்.

ஸ்டெப் 9: எப்ப நிறுத்தறது

சிக்சென்ட்மிஹாயின்னு ஒரு உளவியலாளர், மனுசங்க ஒரு வேலைல தன்ன மறந்து மூழ்கற நிலைய 1970கள்ல இருந்து ஆராய்ச்சி பண்ணினவரு. இலக்கு தெளிவா இருக்கணும், பண்ணினது சரியா தப்பான்னு ஒடனே தெரியணும், கஷ்டமும் தெறமையும் சமமா இருக்கணும், அப்பதான் அந்த நிலை வரும்னு சொன்னாரு. பிளாட்ஃபார்மர்ல இந்த மூணும் கச்சிதமா இருக்கு, அதனாலதான் பத்து மணிக்கு உக்காந்தா ஒரு மணி ஆகிடுது, நேரம் போனதே தெரியாதுங்கறதும் அந்த நிலையோட ஒரு அடையாளம்தான். ஆகவே "கொஞ்சம் ஆடிட்டு படுக்கறேன்"ங்கற பேச்சே வேணாம், அலாரம் வைங்க, எழுந்து போய் நிறுத்தற தூரத்துல வைங்க.

எங்க நிறுத்தலாம்னு கேம பொறுத்து பாத்துக்கங்க. செலஸ்ட்ல சேவ் பண்ணிட்டு வெளிய வந்தா திரும்ப அதே ஸ்கிரீன்ல ஆரம்பிக்கலாம், எப்ப வேணா மூடலாம். ஹாலோ நைட்ல மூடினா கடைசியா உக்காந்த பெஞ்ச்சுக்குப் போயிடுவீங்க, அதனால பெஞ்ச் பாத்ததும் மணிய பாக்கறது நல்ல பழக்கம். ராத்திரி முட்டி மோதியும் தாண்டாத ஸ்கிரீன் காலைல முதல் சில முயற்சிலயே போகுதுன்னா அதிசயம் இல்ல, கை பழகறது தூக்கத்துலயும் நடக்குதுன்னு ஆராய்ச்சியாளர்களே சொல்றாங்க. களைச்ச கைய வெச்சு இன்னும் ஐம்பது தடவ சாவறத விட படுக்கறதுதான் புத்திசாலித்தனம். கட்டவெரல் வலிக்க ஆரம்பிச்சா அன்னைக்கு கடைய கட்டிடுங்க, கண்ட்ரோலர நசுக்கற மாதிரி புடிக்கறீங்கன்னு அர்த்தம்.

ஸ்டெப் 10: கிரெடிட்ஸ் ஓடின பிறகு

நிறைய பிளாட்ஃபார்மர்ல நிஜமான கேமே அதுக்கப்புறம்தான் இருக்கு. செலஸ்ட்ல சாப்டர்கள்ல ஒளிச்சு வெச்ச கேசட்ட எடுத்தா அந்த சாப்டரோட பி-சைடு தெறக்கும், அதே எடம் ஆனா ஈவு இரக்கமே இல்லாத வடிவம். முதல் சாப்டரோட பி-சைட ஒரு தடவ தொட்டுப் பாருங்க. அதுல நாலஞ்சு ஸ்கிரீன் ஆடியும் கோவம் மட்டும்தான் வருதுன்னா தாராளமா விட்டுடலாம், ஆர்வம் வருதுன்னா இன்னும் சில மாசத்துக்கு உங்களுக்கு வேற கேம் தேவப்படாது. அடுத்த பிளாட்ஃபார்மர தொறக்கறதா இருந்தா நடுவுல சில நாள் இடைவெளி விடுங்க, இல்ல வேற வகை கேம் ஏதாவது ஆடுங்க. ரெண்டு பிளாட்ஃபார்மர ஒரே வாரத்துல மாத்தி மாத்தி ஆடினா ரெண்டோட ஜம்பும் கைல கலந்து போயி ரெண்டுலயும் குழில விழுவீங்க.